எட்டாவது குரல்

போலீஸ்காரர் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அங்கே நான் கையெழுத்துப் போட்டால் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் மனிதர் ஜெயிலுக்குப் போவார். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று நான் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத்தான் காலையிலிருந்து எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு வாய் வரவில்லை என்றால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரு பெரிய மருத்துவமனையில் வெளிநோயாளிகளுக்குச் சீட்டுக் கொடுத்து, நம்பர் சொல்லிக் கூப்பிடும் வேலை பார்க்கிறேன். மைக் மக்கர் பண்ணும் நாட்களில்கூடக் கடைசி பெஞ்சு வரைக்கும் என் குரல் போகும். நம்பரைக் கூப்பிட்டதும் கூட வந்தவர் யாராவது எழுந்து "இருக்கோம்" என்பார். நான் விடமாட்டேன். நீங்கள் இருப்பது தெரிகிறது, நோயாளி எங்கே, ஆளைக் காட்டுங்கள் என்பேன். ஆளைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த நம்பருக்குப் போனதே கிடையாது. அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

இதுவும் மருத்துவமனைதான், ஆனால் வேறு ஊர், வேறு வாசல். பின்கட்டில் போலீசுக்கென்று ஒதுக்கிய சின்ன அறை. மேஜையின் ஒரு கால் குட்டையாக இருந்ததால் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். அப்படியும் யார் கை ஊன்றினாலும் ஆடியது. ஜன்னலுக்கு வெளியே தள்ளுவண்டிகளைக் கழுவிக் காயவைத்திருந்தார்கள். தாழ்வாரத்தின் கடைசியில் பிணவறை. அங்கே என் வீட்டுக்காரர் இருந்தார். எங்களிடம் ஒரு நம்பர் சீட்டைக் கொடுத்து, கூப்பிடும்போது வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பதினாலு.

காகிதத்தில் இருந்தது என் கொழுந்தன் சொல்லச் சொல்லப் போலீஸ்காரர் எழுதியது. கொழுந்தன் இன்சூரன்ஸ் கம்பெனியில் மனுக்களைச் சரிபார்க்கிறவன், ஓட்டையில்லாமல் எழுதத் தெரிந்தவன். இரவுப் படகுப் பயணத்துக்கு அழைத்துப்போனவர் திரும்பும் இடத்தில் ஆட்களை ஒழுங்காக எண்ணவில்லை. எட்டாம் நம்பரான என் கணவர் பதில் சொன்னதாக அவர் சொல்வது பச்சைப் பொய். என் கணவருக்குக் காது கேட்காது. கேட்காதவர் இருட்டில் எப்படிப் பதில் சொல்லியிருப்பார்?

கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்.

"போடுங்க அண்ணி. அண்ணனுக்கு இனிமே நாம செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான்" என்றான் கொழுந்தன். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். பேனாவைத் திறந்து அவனே என் கையில் கொடுத்தான்.

என் வீட்டுக்காரருக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. முப்பது வருஷம் பாட்டில் நிரப்பும் ஆலையில் மெக்கானிக். கண்ணாடி பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும் பட்டைக்குப் பக்கத்திலேயே நின்று கூர்மையான சத்தங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பறிகொடுத்தார். முதலில் குருவிச் சத்தம், அப்புறம் வாசல் மணி, குக்கர் விசில், கடைசியில் என் குரல். லாரி போவதும் கதவு அறைவதும் இடி இடிப்பதும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. சோதித்துப் பார்த்த டாக்டரிடம், "பொண்டாட்டி பேசறது மட்டும் கேக்கல டாக்டர். மருந்து கிருந்து குடுத்து கெடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். டாக்டர் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

காதில் மாட்டும் கருவி ஒன்று வாங்கினோம். ஆலையை மறுபடி மண்டைக்குள் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்று அலமாரியில் போட்டுவிட்டார். அதற்குப் பதிலாக உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினார். வெளிச்சம் இருந்தால் அவருக்குக் காதும் இருந்தது. எதிரே நிற்பவருக்கு இவர் செவிடு என்று கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் ஆகும். எதிராளி முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, விளக்கு மங்கலாக இருந்தாலோதான் தடுமாறுவார். அந்த இடத்தில் நான் புகுந்துவிடுவேன். டீக்கடையில் அவரைக் கேட்டால் சர்க்கரை கம்மியாக என்று நான் சொல்வேன். வங்கியில் பிறந்த தேதி கேட்டால் நான் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவரைத்தான் விசாரிப்பார், பரவாயில்லை என்று நான் சொல்வேன். அவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்றுதான் ஆரம்பித்தது. போகப்போக அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே என் வாய் திறந்துகொள்ளும். அண்ணனுக்கு அண்ணி வாடகை வாய் என்று கொழுந்தன் கேலி செய்வான். எல்லோரும் சிரிப்போம், அவர் உட்பட.

அவர் ஓய்வு பெற்றதற்காகக் கொழுந்தன்தான் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தான். அவனும் அவன் மனைவியும், நாங்கள் இருவரும். கடலோர ஊர். தங்கிய விடுதியின் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். கருப்புத் தண்ணீர், அதில் ஒரு சின்னப் படகு, துடுப்பு பட்ட இடமெல்லாம் நீல வெளிச்சம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தண்ணீரில் கோடிக்கணக்கில் இருக்கின்றன, அசைத்தால் மின்னும், கயாக் படகில் இரவில் போய்ப் பார்க்கலாம் என்று கீழே எழுதியிருந்தது. அறைச் சாவியை வாங்கிக்கொண்டு நாங்கள் மாடிப்படி ஏறிவிட்டோம். திரும்பிப் பார்த்தால் அவர் அந்தப் படத்துக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இத பாக்கணும். இதுக்குக் காது தேவையில்லல்ல" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இது வேண்டும் என்று வந்தது மொத்தமே நாலைந்து தடவைதான் இருக்கும். சினிமாவுக்குப் போனால் பாதியில் தூங்கிவிடுவார். பாட்டுக் கச்சேரிக்கு வரவே மாட்டார். சத்தமே இல்லாத, கண்ணுக்கு மட்டுமான ஒரு வேடிக்கை. மற்றவர்களுக்கு எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவும் அவருக்கும் கிடைக்கும் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. எனக்கு முட்டிவலி, தண்ணீர் என்றால் பயம், இருந்தும் சரி என்றேன்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் காயல் கரைக்குப் போனோம். தகரக் கொட்டகை. ஆணிகளில் லைஃப் ஜாக்கெட்டுகள் ஈரம் சொட்டத் தொங்கின. ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். நீச்சல் தெரியுமா, இருதய நோய் உண்டா, வலிப்பு உண்டா, காது கேட்பதில் குறை உண்டா. கடைசி இரண்டில் ஏதாவது உண்டு என்றால் இரட்டைப் படகில் வழிகாட்டிக்கு முன்னால்தான் உட்கார வேண்டும் என்று கீழே கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அவர் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கரையில் கவிழ்த்து வைத்திருந்த மஞ்சள் நிறத் தனிப் படகுகளைப் பார்த்தார்.

படிவத்தை வாங்கி நானே நிரப்பினேன். காதுக்கு நேரே 'இல்லை' என்று குறி போட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். மூட்டை மாதிரி ஒருவர் முன்னால் உட்கார்ந்து போக வேண்டாம் அவருக்கு, ஒரே ஒரு நாள் யாரும் அவரைச் சுமக்க வேண்டாம் என்று நினைத்தேன். என்னவோ பெரிய பரிசு கொடுத்துவிட்ட மாதிரி மனசு நிறைந்திருந்தது.

வழிகாட்டிக்கு நாற்பது வயதிருக்கும். வெயிலில் காய்ந்த உடம்பு, கழுத்தில் ஆரஞ்சு நிற விசில். கொழுந்தன் அங்கேயே அவருக்கு விசில்காரர் என்று பெயர் வைத்துவிட்டான். கொட்டகை விளக்குக்குக் கீழே நின்று அவர் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். நெற்றியில் மாட்டிக்கொள்ளும் விளக்கை இரண்டாவது வளைவு தாண்டியதும் அணைத்துவிட வேண்டும். அவர் சொல்லும்வரை போடக்கூடாது, ஒருவர் போட்டாலும் மின்னுவது யாருக்கும் தெரியாது. ஒரு நீள விசில் என்றால் எல்லோரும் அவரிடம் வந்து கூட வேண்டும். இரண்டு விசில் என்றால் திரும்ப வேண்டும். கூடும்போதெல்லாம் எண்ணுவோம், ஆளுக்கொரு நம்பர், அவரவர் நம்பரை அவரவர் சொல்ல வேண்டும். பின்னால் துணைக்கு வர வேண்டிய இன்னொரு ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார், அதனால் விலகிப் போகாதீர்கள் என்றும் சொன்னார். ஒற்றை ஆளாகக் கூட்டிப் போனது தன் தப்புதான் என்று இன்று காலை போலீசிடம் அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

மொத்தம் பன்னிரண்டு பேர். கொழுந்தனும் அவன் மனைவியும் இரட்டைப் படகில், ஐந்து, ஆறு. நான் ஏழு. அவர் எட்டு. கரையிலேயே ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்கள். விசில்காரரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், முறை வந்ததும் ஆலையில் கத்துகிற மாதிரி "எட்டு" என்றார். கல்லூரிப் பெண் ஒருத்தி, மீனெல்லாம் ஓடிவிடும் அங்கிள் என்றாள். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். அவருடைய எட்டை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாவது வளைவைத் தாண்டியதும் விளக்குகளை அணைத்தோம். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் நெருக்கி நின்றன. நிலா இல்லை. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு யாரோ துடுப்பைப் போட, தண்ணீருக்குள் நீலமாக ஏதோ பற்றிக்கொண்டு அணைந்தது. அப்புறம் எல்லாத் துடுப்புகளிலும். படகுக்கு அடியில் மீன்கள் ஓடுவதுகூடக் கோடு கோடாகத் தெரிந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு சொறிமீன் குடை மாதிரி விரிந்து சுருங்கி விரிந்து போனது. கல்லூரிப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அவர் என் படகுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார். தண்ணீரில் கையை விட்டு எடுத்தார். விரல்களிலிருந்து வெளிச்சம் சொட்டியது. "இங்க பாரு. கை எரியுது, சுடல" என்றார், அவருடைய அந்தப் பெரிய குரலில். போதும், குனியாதீர்கள், படகு கவிழ்ந்துவிடப் போகிறது என்று நான் திட்டினேன். இருட்டில் என் உதடு அவருக்கு எங்கே தெரியப்போகிறது. அவர் மறுபடி கையை விட்டார். நான் கடைசியாக அவரிடம் பேசியது அந்தத் திட்டுதான், நல்லவேளையாக அது அவரைப் போய்ச் சேரவில்லை.

அப்போது ஒரு நீள விசில். அவர் நிமிரவே இல்லை. விசில் சத்தம் அவரை விட்டுப் போய்ப் பத்து வருஷமாகிறது. முன்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார்கள். நான் "ஏழு" என்றேன். பக்கத்தில் தண்ணீரில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவரைத் தட்டிக் கூப்பிடலாம். தட்டினால் என்ன என்று கேட்பார், அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்கும், குட்டு உடைந்துவிடும், விசில்காரர் அவரை இரட்டைப் படகுக்கு மாற்றிவிடுவார். சந்தோஷமாக இருக்கிறார், இருக்கட்டும் என்று தோன்றியது. மூச்சுவிட்டுக் கொஞ்சம் தணிந்த குரலில் "எட்டு" என்று நானே சொன்னேன். ஒன்பது என்றது அடுத்த குரல். ஆள்தான் பக்கத்திலேயே இருக்கிறாரே, இதில் என்ன பொய் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதிலிருந்து காயல் அகன்றது. படகுகள் பிரிந்து பரவின. அவரைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன் என்று சொல்ல ஆசைதான். கொசு கடித்தது, முட்டி விண்விண் என்றது, அறைக்குப் போய்க் காலை நீட்டினால் போதும் என்றிருந்தது. அழகாகத்தான் இருந்தது, அதற்காக எவ்வளவு நேரம் பார்ப்பது. காற்று கொஞ்சம் ஏறியது. மறுபடி ஒரு நீள விசில் கேட்டுச் சத்தம் வந்த பக்கம் துடுப்புப் போட்டேன்.

தண்ணீர் வற்ற ஆரம்பித்துவிட்டது, கடலில் சேரும் முகத்துவாரத்துப் பக்கம் இழுக்கும், உடனே திரும்புகிறோம் என்றார் விசில்காரர். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தது. ஐந்து கொழுந்தன், ஆறு அவன் மனைவி. நான் ஏழு என்றேன், கூடவே எட்டு என்றும் சொன்னேன். யோசிக்கவே இல்லை. நாக்கு தானாகப் போனது. சொன்ன பிறகு திரும்பிப் பார்த்தேன். பின்னால் தண்ணீரில் நீளமாக ஒரு வெளிச்சம் நகர்ந்தது. அவர் துடுப்புத்தான் என்று நினைத்தேன். பெரிய மீனாக இருந்திருக்கும். ஆளைக் காட்டு என்று அன்றைக்கு என்னிடம் கேட்க அங்கே யாரும் இல்லை. இரண்டு விசில் கேட்டது, திரும்பினோம்.

கரையில் விளக்கைப் போட்டுப் படகுகளை இழுத்துப் போட்டபோது ஒரு மஞ்சள் படகு குறைந்தது.

விசில்காரர் பதறவில்லை. எல்லோரையும் நிறுத்தி வைத்துக் கேட்டார். திரும்பும் இடத்தில் எட்டு கேட்டதா? கேட்டது என்றாள் கல்லூரிப் பெண். ஒன்பதாம் நம்பர்க்காரர், எட்டு என்றதைக் கேட்டுத்தானே நான் ஒன்பது சொன்னேன் என்றார். அப்படியானால் திரும்பும் இடத்துக்கும் கரைக்கும் நடுவில்தான் ஆள் இருக்கிறார், ஏதாவது கிளைவாய்க்காலில் நுழைந்திருப்பார் என்று கணக்குப் போட்டு, மீன்பிடிப் படகு இரண்டைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினார். கொழுந்தனும் ஏறிக்கொண்டான்.

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். எட்டு சொன்னது நான், அவர் எப்போதிலிருந்து இல்லை என்று எனக்கே தெரியாது, முகத்துவாரத்துப் பக்கம் போங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அவர் அந்த நிமிஷமே தொலைந்துபோவார் என்று தோன்றியது. சொல்லாத வரைக்கும் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறார், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார், வந்தபிறகு எதற்கு இந்த அசிங்கம்? வெட்கமும் இருந்தது, அதை மறைப்பானேன். அவன் அண்ணனை நான் தொலைத்துவிட்டேன் என்று கொழுந்தன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமே. பத்து நிமிஷம் ஒரு மணி நேரமானது. ஒரு மணி நேரம் தாண்டிய பிறகு சொல்வது, முதலிலேயே சொல்லாததையும் சேர்த்துச் சொல்வதாகிவிடும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயால் ஒரு தடவை, வாயை மூடி ஒரு தடவை கெடுத்தேன்.

கரையிலிருந்து தேடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தள்ளித் தள்ளி இஞ்சினை நிறுத்துவார்கள், விளக்குகளை அணைப்பார்கள். துடுப்புப் போட்டாலும் மின்னும், கையை அடித்தாலும் மின்னும், இருட்டாக்கினால்தான் ஆள் எங்கே என்று தெரியும் என்று விசில்காரர் சொல்லியிருந்தார். அசையாமல் கிடந்தால் என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை விளக்கு அணைந்தபோதும் அந்தப் பெரிய கருப்பில் ஒரு பொட்டு நீலம் தெரியாதா என்று பார்த்தேன். தெரிந்ததெல்லாம் அவர்கள் படகு கிழித்த கோடுதான். என் கொழுந்தன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, மாமா கெட்டிக்காரர், வந்துவிடுவார் அக்கா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நள்ளிரவு தாண்டிய பிறகுதான் ஒரு படகுக்காரர் முகத்துவாரத்தையும் பார்த்துவிடலாம் என்றார். விடிகிற நேரம், அலையைத் தடுக்கப் போட்ட கருங்கற்களில் தூண்டில் போட வந்தவர் ஒருவர் அவரைப் பார்த்தார். லைஃப் ஜாக்கெட் கழலவில்லை. தலையின் பின்பக்கம் கல்லில் அடிபட்டிருந்தது. படகு கொஞ்சம் தள்ளிக் கவிழ்ந்து கிடந்தது. பன்னிரண்டு மணி வாக்கில் இறந்திருக்கலாம் என்றார் டாக்டர். நாங்கள் கரைக்குத் திரும்பிய பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். நாங்கள் அந்தக் கற்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் நெற்றி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொல்லும்வரை போடாதே என்றால் போடாத மனிதர், எந்த இடத்தில் பொறுமை இழந்து அதைப் போட்டாரோ தெரியாது. பளபளவென்று விடிந்த வெளிச்சத்தில் அது மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது, யாருக்கும் அணைக்கத் தோன்றவில்லை. நான் குனிந்து அணைத்தேன்.

"அண்ணி" என்றான் கொழுந்தன். பேனா என் விரல்களிலேயே இருந்தது.

போலீஸ்காரர் எனக்கு அவகாசம் கொடுக்கிறவர் மாதிரி எழுந்துபோய்ப் பக்கத்து அறையிலிருந்து விசில்காரரைக் கூட்டி வந்தார். ராத்திரி போட்ட அதே ஈரச் சட்டை. கழுத்தில் விசிலைக் காணவில்லை. வாங்கி வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. செத்தவருடைய மனைவிக்கு எதிரே உட்காரக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, நின்றுகொண்டே இருந்தார். படிவத்தில் காதுக் குறை இல்லை என்று இருக்கிறதே என்று போலீஸ்காரர் கேட்க, படிவத்தை இவர்கள் ஆட்களே நிரப்பியிருப்பார்கள் என்று கொழுந்தன் குறுக்கே வந்தான். விசில்காரர் மறுத்துப் பேசவில்லை. காது கேட்காத ஆள் எப்படி அய்யா பதில் சொல்வார் என்று மறுபடியும் அதே கேள்வியைப் போலீஸ்காரர் கேட்டார். காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ.

விசில்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எட்டு கேட்ட மாதிரிதான் சார் இருந்துச்சு. காத்து வேற அடிச்சுது. எல்லாரும் இருக்கணும்னு நானா நெனச்சுக்கிட்டேன் போல. கேட்டிருக்காது. எழுதிக்குங்க. என் காதுதான் தப்பு."

ஒரு ஆலை முப்பது வருஷத்தில் செய்ததை நாங்கள் ஒரு காலைப்பொழுதில் செய்துவிட்டோம். நல்ல காது உள்ள மனிதரை நிற்கவைத்து அவர் காதைப் பிடுங்கிக்கொண்டோம். இனி எந்தத் தண்ணீரில் யார் கூப்பிட்டாலும், கேட்டதா கேட்கவில்லையா என்று இவருக்குச் சந்தேகம் வரும். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. என் வீட்டுக்காரருக்காக எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, அந்த ஆளுக்காக வந்தது.

"அவருக்குக் கேட்டது சரிதான். எட்டுன்னு சொன்னது நான்" என்றேன்.

போலீஸ்காரர் பேனாவை வைத்தார். நான் நிறுத்தவில்லை. படிவம் நான் நிரப்பியது. இரண்டாவது தடவை எண்ணும்போது அவர் பக்கத்தில் இருந்தார், இருந்தும் நான் சொன்னேன். மூன்றாவது தடவை இருக்கிறாரா என்று பார்க்காமலேயே சொன்னேன். எல்லாவற்றையும் நோயாளிச் சீட்டு வாசிக்கிற அதே குரலில் சொல்லி முடித்தேன். எப்படிச் சொன்னீர்கள், சொல்லிக் காட்டுங்கள் என்றார் போலீஸ்காரர். சொல்லிக் காட்டினேன். ஏழு. கொஞ்சம் தணிவாக, எட்டு. விசில்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அதே குரல் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அவர் சந்தோஷப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. "திரும்பற எடத்துல நாம நின்னப்ப, அவருக்கும் நமக்கும் எரநூறு துடுப்பு தூரம்கூட இருந்திருக்காதும்மா" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, வேலை தெரிந்தவர் அளவு சொல்கிற மாதிரி சொன்னார். அதற்குப் பிறகுதான் அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

கொழுந்தன் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மேஜை ஆடியது. அவன் சொல்லி எழுதவைத்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். வாடகை வாய் என்று கேலி செய்தவன் அவன்தான். எட்டு சொன்னது நான்தானோ என்று அவனுக்கு ராத்திரியே ஒரு தடவையாவது தோன்றியிருக்கும். தோன்றாதபடி தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"எண்ணும்போது சொன்னீங்க. சரி. வாய் தவறிடுச்சு" என்றான். குரல் உயரவில்லை. "கரைக்கு வந்தப்புறம் ஏன் அண்ணி சொல்லல? ரெண்டு மணி நேரம். நான் அந்த வாய்க்கால் வாய்க்காலா அண்ணன் பேரச் சொல்லிக் கத்திக்கிட்டு இருந்தேன். அவருக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சும் கத்தினேன். நீங்க கரையிலதான இருந்தீங்க?"

யார் கேட்டாலும் இன்னொருவருக்காகப் பதில் சொல்லியே பழகியவள் நான். வாயைத் திறந்தேன். அவன் காத்திருந்தான். நியாயமாகத்தான் காத்திருந்தான். மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிட்டது. அது என் வீட்டுக்காரருக்குக் கேட்காத சத்தம்.

தாழ்வாரத்தின் கடைசியில் கதவு திறந்தது. "பதினாலு" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அது எங்கள் நம்பர் என்று எனக்குத் தெரிந்தது. எழ வேண்டும் என்றும் தெரிந்தது. பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவைக்கும் பதில் இல்லாவிட்டால் அடுத்த நம்பருக்குப் போய்விடுவார்கள், என் மருத்துவமனையிலும் அதுதான் வழக்கம்.

"பதினாலாம் நம்பர் யாருங்க?"

கொழுந்தன் எழுந்தான். என் பக்கம் பார்க்கவில்லை. "இருக்கோம்" என்று எனக்குப் பதிலாக அவன் சொன்னான்.